பன்னிரண்டாயிரம் ரூபாயில் ஒரு கைபேசி: பெட்டியில் அச்சிடாத விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ரவிக்கை மாதிரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், கூலியையும் பெரும்பாலும் போனிலேயே செலுத்துகிறார்கள். மாலையில் பிளஸ் 1 படிக்கும் மகள் அதே போனில் பாட வீடியோ பார்க்கிறாள். பழைய போனில் இடமே இல்லை என்று ஓயாமல் எச்சரிக்கை வருகிறது. 12,000 ரூபாய் வரை செலவிட முடியும். வேலூரில் ஒரு கடையில் '16 ஜிபி ரேம், 50 மெகாபிக்சல் கேமரா, 5ஜி' என்று ஒரு போனைக் காட்டினார்கள். உறவினர் ஒருவரோ அதே விலைக்குப் பழைய உயர்ரக போன் வாங்கலாம் என்கிறார். எதை வாங்குவது? தவணையில் வாங்கலாமா?

பதில்: இந்த விலையில் ஒரு கைபேசியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எத்தனை ஆண்டு தடையின்றி உழைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 12,000 ரூபாய் போன் நான்கு ஆண்டுகள் உழைத்தால் மாதச் செலவு 250 ரூபாய்தான். 8,000 ரூபாய் போன் இரண்டே ஆண்டில் திணறத் தொடங்கினால் மாதத்துக்கு 333 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆகவே நீங்கள் வைத்திருக்கும் வரம்பு சரியானது. அதைக் குறைக்கவும் வேண்டாம், கடைக்காரர் சொல்கிறார் என்று கூட்டவும் வேண்டாம். மாடல்களும் விலைகளும் அடிக்கடி மாறுவதால், ஒரு பெயரைச் சொல்வதைவிட எந்த மாடலையும் நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்த '16 ஜிபி ரேம்' கணக்கைப் பார்ப்போம். ரேம் என்பது திறந்திருக்கும் செயலிகள் இயங்கும் தற்காலிக இடம். சேமிப்பகம் என்பது படங்கள், வீடியோக்கள், செயலிகள் ஆகியவை நிரந்தரமாகத் தங்கும் இடம். இந்த விலையில் '16 ஜிபி' என்று சொல்லப்படும் போன்களில் உண்மையான ரேம் 8 ஜிபியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். மீதி, சேமிப்பகத்திலிருந்து கடனாக எடுத்துக் காட்டப்படுவது. சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் இந்தக் கடன் இடம் உண்மையான ரேமுக்கு ஈடாகாது. அதோடு, உங்களுக்கு ஏற்கெனவே போதாமல் இருக்கும் இடத்திலும் அது பங்கு கேட்கும். இதை '8+8' என்பது போல எழுதியிருப்பார்கள்; முதல் எண்தான் உண்மையான ரேம். விற்பனையாளரிடம், "கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு உண்மையான ரேம் 6 ஜிபி இருந்தால் நல்லது. 4 ஜிபியைக் கடைசி எல்லையாகக் கொள்ளுங்கள்.

உங்கள் பழைய போனின் நோய் ரேம் அல்ல, சேமிப்பகம். அது ஏறக்குறைய நிரம்பிவிட்டால், புதிதாக எதையும் எழுத இடம் தேடியே போன் மந்தமாகிவிடும். மக்கள் இதைத்தான் 'போன் ஹேங் ஆகிறது' என்கிறார்கள். எனவே 64 ஜிபி போனை, விலை ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். 128 ஜிபி கட்டாயம். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கார்டு பயன்படும், ஆனால் முழுத் தீர்வாகாது: வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் உள் சேமிப்பகத்தில்தான் சேரும், அவற்றை அவ்வப்போது நீங்களே கார்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். சில மாடல்களில் கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடமும் இருக்காது.

சேமிப்பகத்தின் அளவைப் போலவே அதன் வகையும் முக்கியம். இதை யாரும் பெட்டியில் பெரிதாக அச்சிடுவதில்லை. மலிவு போன்களில் இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்று இரண்டு வகைகள் உண்டு. இஎம்எம்சி வகை ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், வேகமும் பல மடங்கு கூடுதல். வாட்ஸ்அப்பில் இருபது படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாடிக்கையாளருக்காகப் பணச் செயலியைத் திறக்கிறீர்கள் என்றால், அது உடனே திறப்பதும் சுற்றிக்கொண்டே நிற்பதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், மாடலின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில், 'யுஎஃப்எஸ் 2.2' போன்ற குறிப்பு இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பே இல்லையென்றால், இஎம்எம்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விலை வரம்பில் நல்ல போனையும் சுமாரான போனையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த ஒற்றை அடையாளத்தை நான் காணவில்லை.

அடுத்தது சிப், அதாவது போனின் மூளை. யுனிசாக் டி606, டி612, மீடியாடெக் ஹீலியோ ஜி85 ஆகியவை 12 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. டைமென்சிட்டி 6300 சிப் 6 நானோமீட்டரிலும், ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப் 4 நானோமீட்டரிலும் செய்யப்பட்டவை. பொதுவாக இந்த எண் குறையக் குறைய, அதே வேலைக்குச் செலவாகும் மின்சாரமும் உண்டாகும் சூடும் குறையும். வேலூரில் இதை ஒரு நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கைபேசிகள் வழக்கமாக 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென வடிவமைக்கப்படுகின்றன; நம் ஊரில் கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரை வேய்ந்த கடைக்குள், பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால், சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையின் ஒளியைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும். லித்தியம் அயான் பேட்டரியும் விரைவில் மூப்படையும். ஆகவே புதிய தலைமுறைச் சிப் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் பகலில் சார்ஜ் போடுவதைத் தவிர்த்து, காலையிலோ இரவிலோ போடுங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி உங்களுக்குப் போதும். அதிவேக சார்ஜிங்குக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் இப்போது வைப்பதில்லை.

5ஜி வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. வாட்ஸ்அப்புக்கும் பணச் செயலிக்கும் பாட வீடியோவுக்கும் நல்ல 4ஜி தாராளமாகப் போதும். ஆனாலும் நான்கு ஆண்டுகள் வைத்திருக்கப் போகும் போன் என்பதால், மற்ற எதுவும் குறையாமல் 5ஜி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 5ஜி என்ற பெயருக்காகச் சேமிப்பகத்தை 64 ஜிபியாகச் சுருக்கிய போன் என்றால், 128 ஜிபி உள்ள 4ஜி போனே உங்களுக்கு மேலானது. இதில் பலர் அறியாத ஒரு சிக்கலும் உண்டு. ஜியோவின் 5ஜி, எஸ்ஏ எனப்படும் தனித்து இயங்கும் முறையைச் சேர்ந்தது. ஏர்டெல் தன் 5ஜி சேவையை, 4ஜி கட்டமைப்பின் மேல் சார்ந்து இயங்கும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. மிக மலிவான 5ஜி போன்களில் சில, எஸ்ஏ முறையை மட்டுமே ஏற்கும். அவற்றில் ஏர்டெல் சிம் போட்டால் 4ஜி மட்டுமே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே எந்த சிம் வைத்திருக்கிறீர்களோ அதற்கு 5ஜி வேலை செய்யுமா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். மலைப்பகுதிக்கும் கான்கிரீட் கட்டடத்துக்கும் அவையே கைகொடுக்கும். ஜியோ 850 மெகாஹெர்ட்ஸையும், ஏர்டெல் 900 மெகாஹெர்ட்ஸையும், பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸையும் இதற்காகப் பயன்படுத்துகின்றன. விவரப் பட்டியலில் இவை முறையே பேண்ட் 5, 8, 28 என்று குறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் அநேகமாக எல்லாப் போன்களிலும் உண்டு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊர்கள் பக்கம் போய் வருபவராக இருந்து, பிஎஸ்என்எல் சிம்மும் வைத்திருந்தால், பேண்ட் 28 இருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். உங்கள் கடைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னலும் சரியாக வருவதில்லை என்றால் புதிய போன் அதை மாற்றிவிடாது. முதலில் வேறு சிம் வைத்திருப்பவரின் போனைக் கடைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 மெகாபிக்சல் என்பது வழக்கமாக நான்கு நான்கு புள்ளிகளாகச் சேர்க்கப்பட்டு 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வெளிவருகிறது. பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதைத் தவிரப் பெரிதாக எதற்கும் உதவாது. ஆனால் உங்கள் தொழிலுக்குத் துணியின் நிறம் உள்ளபடி பதிவாக வேண்டும். போன் வாங்கப் போகும்போது அரக்கு நிறத்தில் ஒன்று, ஜரிகை உள்ளதில் ஒன்று என இரண்டு துண்டுத் துணிகளை எடுத்துச் செல்லுங்கள். கடையின் விளக்கொளியில் ஒருமுறை, வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை படமெடுத்து, நிறத்தைக் கையிலிருக்கும் துணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசலில் நிற்கும்போதே, வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா என்பதும் புரிந்துவிடும். மகள் பாடங்களைப் படிக்க முழு எச்டி திரை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காக மேலே சொன்ன எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணம் புழங்கும் போன் என்பதால் பாதுகாப்பு அப்டேட்டுகளை நான் மிகுந்த அக்கறையோடு வலியுறுத்துகிறேன். ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களைக் கூகுள் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆனால் அவை உங்கள் போனுக்கு வருவதும் வராததும் போன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கு அந்நிறுவனம் ஆறு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தது. அது வெளிவந்தபோது உங்கள் வரம்பைவிட விலை அதிகம் என்றாலும், நிறுவனங்கள் மனம் வைத்தால் எவ்வளவு காலம் தரமுடியும் என்பதற்கு அது சான்று. உங்கள் வரம்பில் குறைந்தது மூன்று ஆண்டு பாதுகாப்பு அப்டேட் எழுத்தில் அறிவிக்கப்பட்ட மாடலைத் தேடுங்கள், நான்கு கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் கணக்கு பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறதே தவிர, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்த மாடல் தள்ளுபடியில் கிடைத்தால், அந்த ஒன்றரை ஆண்டைக் கழித்துவிட்டுத்தான் விலையை எடைபோட வேண்டும்.

உறவினர் சொல்லும் பழைய உயர்ரக போனை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதற்காரணம்: அப்டேட் காலம் முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும், பேட்டரியும் தேய்ந்திருக்கும். அப்படியும் வாங்குவதானால், அசல் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். *#06# என்று அழுத்தினால், போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போனின் நிலை பதிலாக வரும். திருடப்பட்டதாகப் புகார் செய்யப்பட்டு முடக்கப்பட்ட எண் என்றால் அதில் தெரிந்துவிடும். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்தபின் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் போன் திறக்காது.

திரைப்பூட்டுக்கு விரல் ரேகையோடு ஆறு இலக்கப் பின் எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றுபவர்களுக்கும் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியிலேயே பதியாமல் போவதை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருப்போம்; போனிலும் அதே தொல்லை வரும். மகளும் பயன்படுத்தும் போன் என்பதால் பணச் செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள், யுபிஐ பின்னைத் திரைப்பூட்டின் எண்ணாக வைக்காதீர்கள்.

வாங்கும் இடம் கடையா இணையமா என்பது விலையைப் பொறுத்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் வேலூரிலோ காட்பாடியிலோ இருக்கிறதா என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு டிஸ்ப்ளே மாற்றச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நாட்கணக்கில் போன் இல்லாமல் உங்கள் தொழில் நடக்காது. ஐஎம்இஐ எண் குறித்த ஜிஎஸ்டி ரசீது வாங்குங்கள். கைபேசிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி, பெட்டியில் உள்ள அதிகபட்ச விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதற்கு மேல் வரி கேட்டால் தராதீர்கள். போனுக்கு வழக்கமாக ஓராண்டும் சார்ஜர் முதலியவற்றுக்கு ஆறு மாதமும் உத்தரவாதம் உண்டு. சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தவணையைப் பொறுத்தவரை, கையில் பணம் இருந்தால் தவிர்ப்பதே நல்லது. 'வட்டியில்லாத் தவணை' என்றாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று வரும்; ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியும் சில சமயம் கிடைக்காமல் போகும். முன்பணம், தவணைகள், கட்டணங்கள் எல்லாவற்றையும் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தவணை தவறினால் போனைப் பூட்டும் செயலி நிறுவப்படுகிறதா என்றும் கேளுங்கள், ஏனெனில் உங்கள் வருமானமே அந்தப் போன் வழியாகத்தான் வருகிறது.

புதிய போன் வந்ததும் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் வாட்ஸ்அப் பேக்கப்பை எடுத்துவிட்டு, சிம்மைப் புதிய போனுக்கு மாற்றுங்கள். பணச் செயலி அந்த சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பித்தான் உங்களைச் சரிபார்க்கும் என்பதால் சிம்மில் சிறிதளவு பாக்கித் தொகையோ எஸ்எம்எஸ் வசதியுள்ள திட்டமோ இருக்க வேண்டும். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, அது சென்று சேர்ந்தபின் பழைய போனில் கூகுள் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, மகளின் பாடத்துக்கு மட்டும் வீட்டு வைஃபையிலோ உங்கள் ஹாட்ஸ்பாட்டிலோ இணைத்துக் கொடுங்கள். இடம் காலியானதும் அந்த வேலைக்கு அது இன்னும் சில காலம் தாங்கும்.