கோர்டெஸும் அஸ்டெக்குகளின் வீழ்ச்சியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வெறும் 500 பேரை வைத்துக்கொண்டு ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் எப்படி மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசையே பிடித்தார்?

பதில்: அந்த 500 பேர் மட்டும் பிடிக்கவில்லை. 1519இல் கியூபாவிலிருந்து கிளம்பியபோது 11 கப்பல், 500 சொச்சம் வீரர்கள், 16 குதிரைகள், சரி. ஆனால் 1521இல் தலைநகர் டெனோச்டிட்லானை முற்றுகையிட்ட படையில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்கள். குறிப்பாக ட்லாக்ஸ்கலாக்காரர்கள். அஸ்டெக்குகள் நாலாபுறமும் வளைத்துக்கொண்டதால் உப்புக்கும் பருத்திக்கும் வழியின்றிக் கிடந்த நாடு அது. முதலில் கோர்டெஸோடும் போரிட்டார்கள். அப்புறம்தான் கணக்குப் போட்டுச் சேர்ந்தார்கள்.

டெனோச்டிட்லான் ஏரி நடுவே இருந்த நகரம். அதை மடக்க 13 போர்ப்படகுகள் தேவைப்பட்டன. ட்லாக்ஸ்கலாவில் மரம் அறுத்து, பலகை பலகையாக மலை தாண்டி ஏரிக்கரை நகரமான டெக்ஸ்கோகோ வரை தோளில் சுமந்து வந்தவர்கள் அவர்கள்தான். படகுகள் ஏரியில் இறங்கின, குடிநீர்க் கால்வாய் உடைக்கப்பட்டது, ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தது.

ஒரு எச்சரிக்கை: கோர்டெஸ் அரசருக்கு எழுதிய கடிதங்களை அப்படியே நம்பாதீர்கள். கியூபா ஆளுநர் வெலாஸ்கஸின் உத்தரவை மீறிக் கிளம்பியவர் அவர். தலை தப்ப எல்லாவற்றையும் தன் சாதனையாகத்தான் எழுதியாக வேண்டும்.

கேள்வி: கப்பல்களை எரித்தாராமே?

பதில்: எரிக்கவில்லை. கரைதட்டவிட்டு உடைத்தார். கழற்றி வைத்த பாயும் கயிறும் இரும்பும் பின்னால் அந்த 13 படகுகளுக்குப் பயன்பட்டன.

கேள்வி: அஸ்டெக் அரசர் மொக்தெசுமா கோர்டெஸைக் கடவுள் என்று நம்பினாராமே?

பதில்: அந்தக் கதையில் வரும் கடவுள் கெட்சல்கோவாட்ல். கோர்டெஸின் கடிதங்களில் அந்தப் பெயரே கிடையாது. அந்தக் கதை முழு உருவம் பெற்றது பல பத்தாண்டுகள் கழித்து.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் மலின்ட்சின் துரோகிதானே?

பதில்: யாருக்குத் துரோகம்? சிறுவயதிலேயே அடிமையாகக் கைமாறியவர். 1519இல் தபாஸ்கோவில் 20 பெண்களில் ஒருவராகக் கோர்டெஸிடம் கொடுக்கப்பட்டார். அவர் அஸ்டெக்குகளின் நாவாட்டல் மொழியை மாயா மொழியாக்க, மாயா தெரிந்த ஸ்பானியர் அகிலார் அதை ஸ்பானியமாக்குவார். விரைவில் ஸ்பானியத்தையும் தானே கற்றுக்கொண்டார். அவரை விற்றவர்களுக்கு அவர் என்ன கடன்பட்டிருந்தார்?

கேள்வி: ஆனால் சோலூலா நகரத்தில் சதி நடக்கிறது என்று சொல்லி அத்தனை பேரைக் கொல்ல வைத்தது அவள்தானே?

பதில்: அது ஸ்பானியர் சொன்ன காரணம். மறுபடியும் சொல்கிறேன், அவர்கள் எழுத்தை எடைபோட்டுப் படியுங்கள். சோலூலாவோடு ட்லாக்ஸ்கலாவுக்குப் பகை இருந்தது. உத்தரவு கோர்டெஸுடையது. பழியை மட்டும் அந்தப் பெண் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: ட்லாக்ஸ்கலாக்காரர்களாவது துரோகிகளா இல்லையா?

பதில்: மெக்சிகோ என்ற ஒரே நாடு அன்று இல்லை. எதிரியை வீழ்த்த எதிரியின் எதிரியோடு சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வெள்ளைக் கடவுள் கதை உண்மையா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பெரியம்மைதானே உண்மையில் ஜெயித்தது?

பதில்: பாதி உண்மை. 1520இல் மொக்தெசுமாவுக்குப் பின் வந்த குயிட்லாவாக் சுமார் 80 நாளில் அதில் இறந்தார். ஆனால் ட்லாக்ஸ்கலாவின் தலைவர் மாஷிஷ்காட்சினும் அதே நோயில்தான் போனார்.

கேள்வி: இன்கா பேரரசு?

பதில்: அது பிசாரோவின் கதை. பெரு வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கடைசியில் கோர்டெஸ் என்ன ஆனார்?

பதில்: 1525இல், சரணடைந்த அஸ்டெக் அரசர் குவாவ்தெமோக்கைத் தூக்கிலிட்டார். 1529இல் மார்க்கேஸ் என்ற பிரபுப் பட்டமும் நிலமும் கிடைத்தன, ஆட்சிப் பொறுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. 1547இல் செவில் அருகே இறந்தார்.