பேசத் தெரியாத குழந்தைக்குப் புரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் அவளிடம் பேசிக்கொண்டே இருப்பேன். ‘அதற்கு என்ன புரியும்?’ என்று கணவர் சிரிக்கிறார். செல்போனில் பாட்டு வீடியோ போட்டுவிட்டால் தானாகப் பேச்சு வந்துவிடும் என்கிறார். குழந்தைகளின் மொழி அறிவை ஆராய்ந்திருக்கிறார்களாமே, பேசாத குழந்தையிடம் எப்படி ஆராய்வார்கள்? இவள் இன்னும் ‘ஆ’, ‘ஊ’ என்றுதான் சத்தமிடுகிறாள். கவலைப்பட வேண்டுமா?

பதில்: குழந்தைக்கு வாய் பேச வராதே தவிர, சப்பத் தெரியும், தலையைத் திருப்பத் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

1971இல் பீட்டர் ஐமஸ் குழுவினர், ஒன்று மற்றும் நான்கு மாதக் குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். வேகமாகச் சப்பினால் ஒலிபெருக்கியில் ஓர் ஒலி கேட்கும். முதலில் ஆர்வமாகச் சப்பும் குழந்தை, அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் சலித்துப்போய்ச் சப்பலைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் ஒலியை மாற்றினார்கள். ‘பஸ்’ஸில் வரும் ப போய் ‘பால்’இல் வரும் ப வந்ததும் மறுபடி வேகமாகச் சப்பல்! வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? எழுத்தில் நாமே இரண்டுக்கும் ஒரே ‘ப’தான் போடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு. ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால், ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கிடையாது, பெரியவர்களுக்கே பிடிபடுவதில்லை. ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. வீட்டில் கேட்கும் மொழிக்கு ஏற்ப காது தன்னைத் தீட்டிக்கொள்கிறது. உங்கள் மகள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாள்.

சரி, வீடியோ விஷயத்துக்கு வருவோம். பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்களை, அதே அளவு நேரம் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளிடம் பலனே இல்லை. இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்! இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். நீங்கள் பேசிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். அவள் ‘ஆ’ என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசுங்கள்.

ஏழு மாதத்தில் ‘ஆ’, ‘ஊ’ மட்டும் என்பது தாமதம் இல்லை. பத்து மாதத்துக்குள் ‘பபபா’, ‘ததத்தா’ என்று மெய்யெழுத்தும் கலந்து அடுக்கிப் பேச வேண்டும், வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதில் கையால் சுட்டிக்காட்டாவிட்டாலும், வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் அப்படியே.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: பிறந்தவுடன் செவித்திறன் பரிசோதனை செய்தார்களா? காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ஆ’, ‘ஊ’ என்று சத்தமிடும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும் போதாது. காற்றசைவுக்கும் நிழலுக்கும் கூடக் குழந்தை திரும்பும், ஒரு காதில் மட்டும் குறை இருந்தாலும் தெரியாது. செய்யவில்லை என்றால் இப்போதே ஓ.ஏ.இ. (காதுக்குள் ஒலி அனுப்பி, உள்காது தரும் எதிரொலியைப் பதிவது) அல்லது பெரா (ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்சைகையைப் பதிவது) பரிசோதனை செய்துவிடுங்கள். வலி இருக்காது. அவள் வழக்கமாகத் தூங்கும் நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், அழுதால் பதிவு சரியாக வராது.