மாரடைப்புக்குப் பிறகு கிட்னி பாதிக்கப்படுமா என்பதை ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், கிரியேட்டினின் 0.8 நார்மல்தான், அப்புறம் ஏன் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள், கிட்னிக்கு ஆபத்து வருமா என்று ஒரே டெஸ்டில் சொல்லிவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ரிப்போர்ட்டுகள் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன.

ஒரே டெஸ்டில் முடியாது. சேர்த்த அன்று வந்த அந்த 0.8 ஒரு தொடக்கப் புள்ளி. அதை வைத்துத்தான் அடுத்தடுத்த நாள் அளவுகளைப் பார்க்க வேண்டும்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அடிபட்ட நிமிடமே அது ரத்தத்தில் ஏறிவிடாது. வடிகட்டுவது குறைந்து, கழிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, எண்ணில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆஞ்சியோவில் செலுத்தும் சாய மருந்தால் பாதிப்பு வந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் அளவு உச்சத்துக்குப் போகும். வயதாகி உடம்பு மெலிந்தவர்களுக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் சுமாராக இருந்தாலும் எண் அழகாகவே வரும்.

இப்போது ஒரு ரிப்போர்ட்டை யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை 0.8, புதன்கிழமை காலை 1.2. ஆண்களுக்கான இயல்பு வரம்பு பல ஆய்வகங்களில் 1.3 வரை போகும். அதனால் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த எச்சரிக்கைக் குறியும் அச்சாகாது. வீட்டார் பார்த்துவிட்டு நார்மல் என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் கேடிகோ என்ற சர்வதேச அமைப்பு 2012-இல் வெளியிட்ட வரையறைப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலும் அப்படித்தான். இங்கே இரண்டுமே பொருந்துகிறது! தினமும் ரத்தம் எடுப்பது இந்த ஏற்றத்தைப் பிடிக்கத்தான். அதே காரணத்துக்காகத்தான் சிறுநீரையும் அளக்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் கீழே ஆறு மணி நேரம் போனால், கிரியேட்டினின் ஏறாவிட்டாலும் அதே கணக்குதான்.

சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் புதிய குறியீடுகளும் உண்டு. என்கால் என்ற புரதம் சிறுநீரகக் குழாய் செல்கள் அடிபட்ட சில மணி நேரத்திலேயே ஏறும். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையை வைத்து 2005-இல் வந்த ஆய்வுதான் அதைப் பிரபலமாக்கியது. ஆனால் அது வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது. கிருமித் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் கூடும். மாரடைப்பே உடம்பில் அழற்சியைக் கிளப்பும் நோய்தான், அதனால் ஏறியிருப்பது எதனால் என்று பிரிப்பது கடினம். சிஸ்டாட்டின் சி என்பது சிறுநீரகம் வடிகட்டும் இன்னொரு புரதம், தசையைச் சார்ந்ததல்ல, மெலிந்த முதியவர்களுக்கு நல்லது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதையும் அசைக்கும். இந்த டெஸ்டுகள் உங்கள் மருத்துவமனையில் இல்லை என்பதற்காகக் கவலைப்படாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் நாளின் சாதாரண ரிப்போர்ட்டிலேயே நிறைய இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவா? சேர்த்தபோது சர்க்கரை ஏறியிருந்ததா? (சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஏறியிருந்தாலும் அது கவனிக்க வேண்டிய விஷயம்.) என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்த அளவு எகிறியிருக்கிறதா? அது இதயம் திணறுவதைச் சொல்லும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது, பம்ப் தளர்ந்தால் அடி அங்கேயும் விழும். மெஹ்ரான் குழுவினர் 2004-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையும் ரத்தசோகை, சர்க்கரை நோய், 75-ஐத் தாண்டிய வயது, குறைந்த ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சாய மருந்தின் அளவு, ஏற்கெனவே உள்ள சிறுநீரகத் திறன் போன்றவற்றைக் கூட்டித்தான் ஆஞ்சியோ சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தைக் கணிக்கிறது.

ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே ஈஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் இருக்கும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியேட்டினினை வைத்துப் போடும் கணக்கு அது. கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறும்போது அதை நம்பாதீர்கள், அந்தச் சூத்திரம் நிலையாக உள்ள அளவுக்கு எழுதப்பட்டது. இன்னொன்று, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். முறையும் கருவியும் மாறினாலே புள்ளியில் கொஞ்சம் வித்தியாசம் வரும். நாம் தேடுவதே 0.3 அல்லவா!

டிஸ்சார்ஜ் ஆனதும் இது முடியாது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில் போன்ற மாத்திரை தொடங்கியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள். அப்போது முந்தைய அளவில் 30 சதவீதம் வரை கூடுவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். எண் ஏறிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், முதல் நாள் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.