மன்செஸ்டர் கப்பல் கால்வாயில் படகுச் சவாரி: வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: கல்லடியிலிருந்து அடுத்த கோடைக்கு மன்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். லிவர்பூலிலிருந்து மன்செஸ்டர் வரை பழைய கப்பல் கால்வாயில் ஒரு படகுச் சவாரி இருக்கிறதாமே, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்:

போகலாம், ஆனால் வடிவு பார்க்கப் போகாதீர்கள். வடிவு பார்க்கிற ஆசை என்றால் முகத்துவாரம் வெளிச்சவீட்டடியில் ஒரு படகைப் பிடித்துக் கண்டல் காட்டுக்குள்ளால் சுற்றிவிட்டு வாருங்கள், அது போதும், காசும் மிச்சம். மன்செஸ்டர் கால்வாயில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் போனாலும் கரையில் பெரும்பாலும் தெரிவது எண்ணெய்த் தாங்கிகள், இரசாயனத் தொழிற்சாலைகள், பழைய இரும்புக் குவியல், பாலங்களின் அடிப்பக்கம். அதைப் பார்க்கத்தான் அங்கே சனம் டிக்கட் எடுத்து ஏறுகிறது. எனக்கும் மாமாவுக்கும் நன்றாகப் பிடித்தது. மாமிக்குப் பாதி வழியிலேயே அலுத்துவிட்டது. ஆகவே உங்கள் வீட்டில் யார் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

மாமா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளக்கட்டு, வாய்க்கால், மதகு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். அந்த ரகம் யாராவது வீட்டில் இருந்தால் யோசிக்காமல் டிக்கட் எடுங்கள்.

கால்வாயின் நீளம் 58 கிலோமீற்றர். பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து கல்முனை வரை கிடக்கிற நம் மட்டக்களப்பு வாவியும் ஏறக்குறைய அவ்வளவுதான், 56 கிலோமீற்றர் என்று சொல்வார்கள். வாவி தானாக உண்டானது, இது வெட்டினது. அதுவும் கடற்கப்பல் போகிற ஆழத்துக்கு. 4 கோடி கன மீற்றருக்கு மேல் மண்ணும் பாறையும் எடுத்திருக்கிறார்கள், நீராவியில் ஓடுகிற தோண்டும் இயந்திரங்கள் இருந்தும் சராசரியாக 12,000 பேர், வேலை மும்முரமான காலத்தில் 17,000 பேர் வரை மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள். 1887 நவம்பரில் தொடங்கிய வேலை, 1894 ஜனவரி 1ஆம் திகதிதான் கப்பல் விட்டார்கள், விக்டோரியா மகாராணி மே மாதம் வந்து முறைப்படி திறந்துவைத்தார். இடையில் கம்பனி கையிருப்புத் தீர்ந்து விழப்போனபோது மன்செஸ்டர் மாநகரசபை கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. மொத்தச் செலவு 15 மில்லியன் பவுண், அந்தக் காலத்துக் காசில்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று கேட்டால், லிவர்பூல்காரர்மேல் இருந்த ஆத்திரம்தான் காரணம். மன்செஸ்டர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வரவேண்டும், துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் சேர்த்துக் கழுத்தை நெரித்தன. நாட்டின் மறுகரையில் இருக்கிற ஹல் துறைமுகத்தில் இறக்கிக் கொண்டுவந்தாலும் மலிவு என்கிற நிலை. 1882இல் டேனியல் அடம்சன் என்ற கொதிகலன் ஆலைக்காரர் தன் வீட்டில் வியாபாரிகளையும் நகரத் தலைவர்களையும் கூட்டிப் பேச்சைத் தொடங்க, லிவர்பூலும் ரயில் கம்பனிகளும் எதிர்த்து நின்று பாராளுமன்றத்தில் இரண்டு முறை கவிழ்த்தார்கள். மூன்றாம் முறை, 1885இல், சட்டம் நிறைவேறியது. கடலிலிருந்து உள்ளே கிடக்கிற ஊர் பிறகு பிரித்தானியாவின் மூன்றாவது பெரிய துறைமுகமாகவே ஆனது. இந்தியாவின் கைத்தறிகளை நொடியவைத்த ஆலைத்துணி நெய்தது அந்த வட்டாரம்தான் என்பதையும் மறக்கவேண்டாம். நம் பக்கத்து மருதமுனையில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது, மன்செஸ்டரில் பல ஆலைகள் தொடர்மாடி வீடுகளாகிவிட்டன. இதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி, ஒளிக்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். நடத்துவது மெர்சி ஃபெர்ரிஸ் என்ற படகுக் கம்பனி, கோடையில் குறித்த சில நாட்களில் மட்டும். லிவர்பூலிலிருந்து மன்செஸ்டர் நோக்கி ஏறுகிற பயணத்தையே எடுங்கள், மறுபக்கமாக வருவதை எடுக்கவேண்டாம். காரணம் கீழே சொல்கிறேன். முதலில் மெர்சி ஆற்றின் அகன்ற கழிமுகத்தில் போய் ஈஸ்ட்ஹாமில் கால்வாய்க்குள் நுழைகிறோம். அங்கிருந்து ரன்கோர்ன் வரை ஒரு பக்கம் கழிமுகத்துச் சேற்றுத் திடல், இடையில் ஒரு கட்டு, மறுபக்கம் ஸ்டான்லோ எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம். குழாய் மேல் குழாய், முடிகிற மாதிரியே இல்லை. மாமிக்கு அலுத்தது இந்த இடத்தில்தான். ரன்கோர்னில் பழைய ரயில் பாலமும் வளைவுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் தலைக்கு மேல் போகும்போது எல்லோரும் போனைத் தூக்கினார்கள், மறுகா எல்லோரும் உள்ளே போய்த் தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாரிங்டன் பக்கம் வந்தால் திரும்பும் பாலங்கள். நாங்கள் வருகிறோம் என்று வீதியை மறித்து, பாலத்தையே பக்கவாட்டில் திருப்பி வைத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையில் நிற்கின்றன. கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை காத்து நின்ற ஆட்களுக்கு அந்தச் சாரதிகளின் முகம் நன்றாக விளங்கும். ஒருவர் கார்க் கதவைத் திறந்து வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார், கை காட்டினோம், அவர் காட்டவில்லை.

இனித்தான் விசயம். மன்செஸ்டர் கடல்மட்டத்தைவிட உயரத்தில் இருப்பதால் ஈஸ்ட்ஹாமுக்கு மேலே லாச்ஃபோர்ட், இர்லாம், பார்ட்டன், மோட் வீல் என்று நாலு இடத்தில் கப்பலைத் தூக்கவேண்டும், மொத்தம் ஏறக்குறைய 18 மீற்றர். படகு இரண்டு பக்கமும் சுவர் உள்ள ஒரு நீண்ட அறைக்குள் போகும், பின்னால் கதவு சாத்தும், மேல்பக்கத்துத் தண்ணீர் உள்ளே வரும். இயந்திரம் எதுவும் தூக்குவதில்லை, தண்ணீரே தூக்குகிறது. நுழையும்போது சுவர் தலைக்கு மேல் நிற்கிறது, கறுத்த கல், இடுக்குகளில் பாசி, அதில் தண்ணீர் சொட்டுகிறது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், நீட்டவேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிற ஆளின் சப்பாத்து மட்டும்தான் தெரிகிறது. அப்புறம் மெல்ல மெல்ல ஈரக் கற்கள் ஒவ்வொரு வரிசையாகக் கீழே போகின்றன, முழங்கால் தெரிகிறது, இடுப்பு தெரிகிறது, கடைசியில் அவரும் நாங்களும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிறோம். படகு ஆடவே இல்லை. மாமா தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, “மருமகன், இது நம்மட வான்கதவுதானே, உன்னிச்சைக் குளத்தில தண்ணிய வெளிய விடுறம், இவனுகள் உள்ள விட்டுக் கப்பலத் தூக்குறானுகள்” என்றார். லிவர்பூல் திசை நோக்கி இறங்கும்போதும் இதே வேலைதான் நடக்கும், ஆனால் குழிக்குள் இறங்குவதும் குழியிலிருந்து ஏறுவதும் ஒன்றல்ல. அதனால்தான் ஏறுகிற பக்கம் எடுங்கள் என்றேன்.

உள்ளே தேநீரோடு இருப்பவர்களை பார்ட்டனில் கட்டாயம் மேல்தட்டுக்குக் கூப்பிடுங்கள். அங்கே கால்வாய்க்கு மேலே இன்னொரு கால்வாய் குறுக்கே போகிறது. அது பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், 1761இல் வோர்ஸ்லிச் சுரங்கத்து நிலக்கரியை மன்செஸ்டருக்குக் கொண்டுவர ஒரு பிரபு வெட்டுவித்தது, அது வந்ததும் ஊரில் நிலக்கரி விலை பாதியாக இறங்கியதாம். அந்தக் காலத்தில் அதை ஆற்றுக்கு மேலால் கொண்டுபோகக் கல்லில் ஒரு நீர்ப்பாலம் கட்டியிருந்தார்கள். கப்பல் கால்வாய் வந்தபோது அதன் கீழே கப்பல் போகமுடியாது. என்ன செய்தார்கள்? கல்பாலத்தை உடைத்துவிட்டு, இரும்பில் ஒரு நீண்ட தொட்டி செய்து, கப்பல் கால்வாயின் நடுவில் ஒரு தீவு கட்டி அதன்மேல் சுழலவிட்டார்கள். கப்பல் வந்தால் தொட்டியின் இரண்டு முனையிலும் கதவு சாத்தி, உள்ளே 800 தொன் தண்ணீரோடு, மொத்தம் 1,450 தொன் எடையை அப்படியே திருப்பி ஒதுக்கிவிடுகிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திருப்புவதில்லை, நிறைந்தபடியே. நாங்கள் கடந்தபோது தொட்டியின் முனைக் கதவோரம் தண்ணீர் நூல் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது, 1890களில் கட்டிய சாமான் அது. படகில் விளக்கம் சொல்கிற ஆள் வேகமாகப் பேசுவார், இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பாலம் என்று நினைத்துவிடுவார்கள்.

முடிவில் சல்ஃபோர்ட் கீஸ். ஒருகாலத்தில் பஞ்சும் தானியமும் இறங்கிய துறைகள், கொள்கலன் கப்பல்கள் பெருத்துக் கால்வாய்க்குள் வரமுடியாமல் போக 1982இல் மூடினார்கள். இப்போது கண்ணாடிக் கட்டிடங்கள், பிபிசி எல்லாம். படம் எடுக்க நல்லது, வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வயதானவர்கள் விசயம்: மலசலகூடம், சிற்றுண்டிக் கடை, மூடிய இருக்கைகள் எல்லாம் படகில் உண்டு. சோறு கட்டிக்கொண்டு போகலாமா என்று டிக்கட் எடுக்கும்போதே கேளுங்கள், ஏனென்றால் நாள் முழுக்க சாண்ட்விச்சில் நம்மட ஆட்களுக்கு வயிறு நிறையாது. மேல்தட்டில் காற்று ஜூலையிலும் குளிரும், காதுக்குத் தொப்பி வேண்டும். சரக்குக் கப்பல் எதிரே வந்தால் தாமதமாகும், அன்று பின்னேரம் வேறு வேலை வைக்கவேண்டாம். பயணம் ஒரு வழிதான், மகள் வீடு மன்செஸ்டரிலேயே இருப்பதால் காலையில் ரயிலில் லிவர்பூல் போய்ப் படகில் வீடு திரும்பலாம், அது உங்களுக்கு வசதி.

ஆறு மணித்தியாலம் இருக்க முடியாதவர் யாராவது இருந்தால் அவரைப் படகில் ஏற்றாமல், மன்செஸ்டர் நகரத்துக்குள்ளேயே இருக்கிற காசில்ஃபீல்டுக்குக் கூட்டிப்போங்கள். பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வந்து முடிகிற இடம் அது, பழைய பண்டகசாலைகள், சின்ன மடைக்கதவுகள், ஒடுங்கின படகுகள் எல்லாம் கரையில் நடந்தே பார்க்கலாம், டிக்கட்டும் தேவையில்லை. மாமியை நாங்கள் அங்கேதான் கூட்டிப் போயிருக்கவேண்டும் என்று அவரே இன்றைக்கும் சொல்கிறார்.