மறுமொழி: தண்ணீர் வண்டியின் நுகத்தடி மேலே எழும்புகிறது

வணக்கம். பினாங்கில் பள்ளியின் மரபு நாளுக்காகத் தாங்கள் செய்துள்ள இரட்டை மாட்டு வண்டியில், தண்ணீர்ப் பீப்பாயை ஏற்றியதும் நுகத்தடி மேலே எழும்புவதாகவும், மாட்டுப் பொம்மைகளுக்குப் பதிலாகக் குதிரைப் பொம்மைகளைப் பூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பீப்பாயின் எடை அச்சுக்குப் பின்னால் விழுவதே காரணம். இரு சக்கர வண்டிக்கு அச்சுதான் தராசின் நடு. அச்சுக்கு முன்னால் விழும் எடையை வண்டியோட்டிகள் முன்பாரம் என்றும், பின்னால் விழுவதைப் பின்பாரம் என்றும் சொல்வார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகம் தூக்கிக்கொண்டு, மாட்டின் கழுத்தடியில் கட்டிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தாலோ பாரம் முழுவதும் பிடரியில் இறங்கி, நாளடைவில் கழுத்தில் புண் விழும். வாயில்லாப் பிராணிக்கு இரண்டுமே கொடுமை. ஆகவே, நுகத்தின்மீது சிறிதளவு பாரம் மட்டுமே இறங்கும்வரை பீப்பாயைக் கொஞ்சங்கொஞ்சமாக முன்னே நகர்த்திப் பாருங்கள். பீப்பாய் அரைகுறையாக நிரம்பியிருந்தால் தண்ணீர் அலைந்து சமநிலை மாறும் என்பதாலும், பிள்ளைகள் ஏறி விளையாடக்கூடும் என்பதாலும், வண்டியின் முன்னும் பின்னும் கட்டாயம் முட்டுக்கொடுங்கள்.

குதிரை வேண்டாம். நுகம் திமிலுக்கு முன்னால் அமர்வதால், நம் மாடு திமிலையும் தோளையும் கொடுத்து இழுக்கிறது. திமில் இல்லாத குதிரைக்கு மார்பிலோ தோளிலோ பதியும் வார்ப்பட்டை வேண்டும். மேலும், பினாங்கில் உள்ள பர்மா சாலைக்கு ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் வழங்கும் பெயரே 'தண்ணீர் வண்டிச் சாலை' என்று பொருள்படும்; அந்த வண்டிகளை இழுத்தவை மாடுகளே.