பெரிய காற்றாலைகளுக்கு ஏன் ஸ்டே கம்பி கட்டுவதில்லை?

கேள்வி இதுதான்: ஒல்லியான வானொலிக் கோபுரத்தை நாலாபக்கமும் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்துகிறார்கள். தலையில் அவ்வளவு பாரம் சுமக்கும் காற்றாலைக்கு மட்டும் ஏன் ஒரு கம்பிகூட இல்லை?

எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது ஒரு காற்றாலைப் பண்ணையில். காற்றின் வேகத்தை அளக்க நட்டிருந்த கம்பத்தைச் சுற்றி வரிசையாக ஸ்டே கம்பிகள். பக்கத்திலேயே காற்றாலை, எந்தப் பிடிமானமும் இல்லாமல் நின்றது.

கம்பியை எந்த உயரத்தில் கட்டுவது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். காற்று திசை மாறும்போதெல்லாம் காற்றாலையின் தலை அதை நோக்கித் திரும்பும். அதனால் இறக்கைகள் கோபுரத்தின் எந்தப் பக்கத்திலும் சுழலலாம். அச்சு 100 மீட்டர் உயரத்தில், இறக்கை நீளம் 60 மீட்டர் என்றால் நுனி தரைக்கு 40 மீட்டர் வரை இறங்கி வரும். கம்பியை அதற்கும் கீழே, 35 மீட்டரில் கட்டுவதாக வையுங்கள்.

நல்ல காற்றில் இத்தனை பெரிய ரோட்டாரை, அதாவது சுழலும் இறக்கைத் தொகுதியை, காற்று சுமார் 50 டன் விசையோடு பின்னுக்குத் தள்ளும். கம்பி இல்லாவிட்டால் கோபுரத்தின் அடியில் வளைக்கும் திருப்புத்திறன் (விசை × உயரம்) 5,000 டன்-மீட்டர். கம்பி கட்டினாலும் அதற்கு மேலே 65 மீட்டர் துணையின்றித்தான் நிற்கிறது. கட்டிய இடத்திலேயே 3,250 டன்-மீட்டர் விழும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைக் கோபுரத்தின் எஃகுக் குழாயே தாங்கியாக வேண்டும். மிச்சமாவது கீழ்ப்பகுதியின் எஃகில் கொஞ்சம், அவ்வளவுதான்.

அதற்காகக் கம்பி படும் பாட்டையும் பாருங்கள். அடிப்பகுதி கீல் போல இருந்தால், 35 மீட்டரில் கம்பி பிடிக்க வேண்டிய கிடைவிசை 143 டன். கம்பி 45 பாகை சாய்ந்திருந்தால் அதன் இழுவிசை 200 டன்னைத் தாண்டும். கோபுரத்தையும் அது இன்னொரு 143 டன் கீழே அமுக்கும். மெல்லிய எஃகுக் குழாய் அமுக்கத்துக்குத்தான் பயப்படும், சட்டென்று நெளிந்துவிடும்.

மாறாக, குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். தகட்டின் தடிமன் மாறாவிட்டால் எஃகு இரண்டு மடங்குதான் கூடும், விறைப்போ எட்டு மடங்கு! இந்த எளிய கணக்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பல கோபுரங்களின் அடி விட்டம் 4 மீட்டரை ஒட்டியே இருப்பதற்குக் காரணம்கூட வலிமையல்ல. குழாயை ஏற்றிய லாரி பாலங்களுக்கு அடியில் போயாக வேண்டும்.

அதிர்வும் முக்கியம். ரோட்டார் 5 நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால், சுமார் 1.7 நொடிக்கு ஒருமுறை மூன்று இறக்கைகளில் ஒன்று கோபுரத்தைக் கடக்கும். கோபுரத்தின் இயல்பான ஆட்டம் இந்த இரண்டு தாளங்களோடும் ஒத்துப்போகக் கூடாது. வெயிலில் நீண்டு குளிரில் இறுகும் கம்பியை இதில் சேர்த்தால், அதன் இழுப்பை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். போலந்தின் 646 மீட்டர் வார்சா வானொலிக் கோபுரம் 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது, ஸ்டே கம்பிகளை மாற்றும் வேலையின்போதுதான்.

கம்பியே ஆகாது என்று சொல்ல மாட்டேன். வீட்டளவுச் சின்னக் காற்றாலைகளில் இறக்கை குட்டை, கம்பியை உச்சிக்கு அருகிலேயே கட்டிவிடலாம். கனடாவின் கேப்-ஷாவில் 110 மீட்டர் உயரத்தில் நிற்கும் எயோல் என்ற செங்குத்து அச்சுக் காற்றாலைக்கும் கம்பிகள் உண்டு. 1993-இல் அது நிற்கும்வரை வில் போல வளைந்த அதன் இறக்கைகள் கம்பிகளுக்கு உள்ளேயே சுழன்றன. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அது தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.