கடலோரம் தனியே தங்கலாமா? அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது, பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையில் கேரளத்துப் பூவார் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்ன கடற்கரை ஹோட்டலில் இரண்டு ராத்திரி தனியாகத் தங்கி, தூங்கி, புத்தகம் படித்து, கடலைப் பார்த்துவிட்டு வர ஆசை. கணவர் சரி என்கிறார். மாமியார்தான் “ஒத்தையில போயி அங்க என்ன செய்யப்போற பிள்ளே?” என்கிறார். போகலாமா? எதைப் பார்த்து ஹோட்டல் எடுக்க வேண்டும்?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: போயிட்டு வாங்க தங்கச்சி. மாமியாரிடம் “ஒண்ணும் செய்யாம இருக்கத்தான் போறேன் அத்தை” என்றே சொல்லிவிடுங்கள், இதில் மறைக்க எதுவும் இல்லை. வருஷம் முழுக்க மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு, வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அடுத்தவர் தேவை என்று ஓடுகிற ஒருத்திக்கு, யாரும் எதுவும் கேட்காத இரண்டு நாள் கட்டாயம் கிடைக்க வேண்டும்.

ஆனால் “ஆள் நடமாட்டம் இல்லாத” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். பகலில் தனிமை நல்லது. ராத்திரி பதினொரு மணிக்கு வயிற்றுவலி வந்தாலோ, கரண்ட் போய் வராமல் இருந்தாலோ, கதவை யாரோ தட்டினாலோ, கூப்பிடு தூரத்தில் மனுஷர் வேண்டும். பூவாரில் நெய்யாறு கடலில் சேர்கிற பொழிமுகத்தை ஒட்டி, படகில் மட்டுமே போக முடிகிற ரிசார்ட்டுகள் இருக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் குடில், ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் மணல்திட்டு, அதைத் தாண்டினால் கடல் என்று பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நீங்கள் வெளியே வர வேண்டுமானால் அவர்களுடைய படகு வர வேண்டும், படகோட்டி முழித்திருக்க வேண்டும். முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், அடுத்த தடவை கணவரோடு போங்கள். இப்போதைக்கு மீனவர் ஊரை ஒட்டி, பஸ் போகும் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சின்ன இடமாகப் பாருங்கள். பூவாருக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவே புல்லுவிளை, ஆழிமலை என்று நெடுக அப்படிப்பட்ட கரைதான். காலையில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள் குரலும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணியும் கேட்கும். அதனால் உங்கள் தனிமை ஒன்றும் கெட்டுப்போகாது, பக்கத்தில் ஊர் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் நன்றாகத் தூங்குவீர்கள்.

ஆப்பில் படம் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹோட்டலுக்கே போன் போடுங்கள், அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா, எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தமிழிலேயே பேசலாம், அந்தக் கரையில் நம் தமிழ் புரியாதவர் குறைவு. ராத்திரி வளாகத்திலேயே தங்குகிற ஊழியர் யார், அதில் பெண் யாராவது உண்டா, அன்றைக்கு வேறு அறைகளில் ஆள் இருப்பார்களா, அறைக்குள் போன் சிக்னல் கிடைக்குமா, ஆட்டோ வாசல் வரை வருமா, எத்தனை மணி வரை கிடைக்கும், இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லபடி நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஹோம்ஸ்டே என்பதையும் ஒதுக்காதீர்கள். கேரள சுற்றுலாத் துறை டைமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரித்து அங்கீகாரம் கொடுக்கிற வீடுகளில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாயங்காலம் அந்த வீட்டு அம்மாவோடு கட்டன் சாயா குடித்துக்கொண்டு பேசலாம், பேசப் பிடிக்கவில்லையென்றால் அறைக்குள் போய்விடலாம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், முதலில் கதவைப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும், கடல் பக்கம் கண்ணாடிக் கதவு இருந்தால் அதுவும் பூட்ட வேண்டும், குளியலறை வென்டிலேட்டரில் கம்பி இருக்க வேண்டும். முடிந்தால் மாடி அறை கேளுங்கள். சரியில்லையென்றால் உடனே மாற்றச் சொல்ல வேண்டும், இருட்டின பிறகு சொன்னால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார்கள். அடையாள அட்டை கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் பிரதியை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், அதைக் கொடுங்கள்.

களியக்காவிளையிலிருந்து பூவார், விழிஞ்ஞம் வழியாகக் கேரள அரசு பஸ் போகிறது. ரயிலில் போனால் நெய்யாற்றின்கரையில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். எப்படிப் போனாலும் வெயில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அவசரத்துக்கு 112, கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீசுக்கு 1515. எல்லைப் பக்கம் என்பதால் எந்த எண்ணுக்குக் கூப்பிட்டாலும் முதலில் ஊர், மாவட்டம், மாநிலம் சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, அந்தப் பக்கம் ஹோட்டல்களில் ஆயுர்வேத எண்ணெய்ப் பிழிச்சல் என்று கேட்பார்கள். பெண்ணுக்குப் பெண்தான் செய்ய வேண்டும் என்பது அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு உள்ள விதி. “ஆள் இல்லை, இவர் நன்றாகச் செய்வார்” என்று ஆண் ஒருவரைக் காட்டினால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நான் கல்யாணமாகாத ஆண், வயது 31. கடலோரமாக இரண்டு நாள் தனியாக இருக்கலாம் என்று போனால், ஒரு லாட்ஜில் “ஒத்த ஆளுக்கு ரூம் இல்ல” என்று திருப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்தால் திருடன் போலவா இருக்கிறது?
(வாசகர், பாறசாலை)

பதில்: மனசு வருத்தப்பட்டிருப்பீர்கள் தம்பி, நியாயம்தான். தனி ஆளுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அவர்கள் உங்களைத் திருடன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கடற்கரை, மலை, ரயில் நிலையம் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குத் தனியாக வருகிற ஆளைப் பார்த்தால் ஒரு பயம், மனம் உடைந்து வந்து அறைக்குள் ஏதாவது செய்துகொள்வாரோ என்று. அதற்குப் பிறகு போலீஸ், விசாரணை, பூட்டின அறை என்று அவர்கள் படும் பாடும் உண்மை. அதற்காக வருகிற எல்லாரையும் திருப்பி அனுப்புவது சரியென்று நான் சொல்லவில்லை, காரணம் தெரிந்தால் பேசுவது சுலபம் என்பதற்காகச் சொல்கிறேன். நேரே போய் நிற்காமல் முன்னதாகவே போன் செய்து, எதற்கு வருகிறேன், எந்தத் தேதி திரும்புகிறேன், வீட்டு நம்பர் இது என்று சொல்லிவிடுங்கள். போனதும் அவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள், அடுத்த நாள் எங்கே சுற்றப் போகிறீர்கள் என்று வழி கேளுங்கள். பயம் போய்விடும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது உண்மையிலேயே தாங்க முடியாத மனபாரத்தோடு கடலோரம் தனியாகப் போக நினைத்திருந்தால், அவருக்கும் ஒரு வார்த்தை. இப்போது தனி அறை வேண்டாம், யாராவது ஒருவர் கூட இருக்கிற இடத்தில் இருங்கள். 14416, டெலி மானஸ், அரசாங்க இலவச எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

கேள்வி: கோடையில் கடல் அமைதியாகத்தானே இருக்கும்? ஹோட்டல் முன்னாலேயே இறங்கிக் குளிக்கலாமா?
(வாசகி, கொல்லங்கோடு)

பதில்: வேண்டாம். கொல்லங்கோட்டுக்காரிக்கு நான் கடல் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில்தான் கள்ளக்கடல் வருகிறது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயற்காற்றில் கிளம்பின அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்து அழகாக இருக்கும், திடீரென்று தண்ணீர் ஏறும். 2024 மே 6 அன்று ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை நாம் இழந்தது அப்படிப்பட்ட நாளில்தான், முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் அறிவிப்பு வெளியிட்டால் அன்றைக்குக் கால் நனைக்கவும் போகாதீர்கள். மற்ற நாளிலும், பொழிமுகம் பக்கம் ஆற்றுத் தண்ணீரும் கடலும் சேர்ந்து இழுக்கும், ஆழிமலை பாறைகளில் அலை ஏறி ஆளைத் தள்ளும். தனியாக இருக்கும்போது இழுத்துக்கொண்டு போனால் பார்க்கவே ஆள் இருக்காது. குளிக்கத்தான் வேண்டும் என்றால் உயிர்காப்பாளர்கள் நிற்கிற கோவளத்துக்குப் போய், அவர்கள் காட்டுகிற இடத்தில் இறங்குங்கள். அப்புறம், கரையில் வலை சரிசெய்கிறவரிடம் “இன்னைக்கு கடல் எப்படி அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாகப் போனால் சாப்பாடு சிக்கல். ஒரு ஆளுக்கு என்று சமைப்பார்களா? பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டால் கட்ட வேண்டுமா?
(வாசகர், குழித்துறை)

பதில்: சின்ன ஹோட்டல்களில் காலையிலேயே சொல்லிவிட்டால் ஒரு ஆளுக்கும் செய்வார்கள். மெனு அட்டையைப் பார்த்து வாங்காமல், இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேளுங்கள். சாளையோ அயிலையோ எது வந்திருக்கிறதோ அதையும் மரச்சீனிக் கிழங்கையும் வாங்கினால் வயிறும் நிறையும், பணமும் மிச்சம். கேரளத்தில் ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் வள்ளக்காரர்கள் போவதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை, தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915க்குப் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம், பழைய 12 சதவீதம் போட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.